கடைக்காப்பு அறுந்த பாட்டு

சென்னை நடுவண் நிலையத்திலிருந்து மேற்கே அரக்கோணம் நோக்கிச் செல்லும் புறநகர்த் தொடர்வண்டி, அம்பத்தூரைக் கடந்து ஆவடியை அடையுமுன் திருமுல்லைவாயில் என்னும் ஊரில் நிற்கின்றது. தொழிற்சாலைக்கும் கல்லூரிக்கும் விரைவோர் அவ்வூர்ப் பெயரின் பழமையை எண்ணி நிற்பதில்லை. ஆயின், அவ்வூர்க் கோயிலின்மேல் ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் சுந்தரர் பாடிய பதிகம் இன்றும் வழங்குகின்றது. அதன் இறுதிப் பாட்டில் நாவலாரூரன் என்று தம் பெயரைத் தாமே பொறித்து வைத்தார் அவர். பதிக முடிவில் இவ்வாறு பாடியவர் பெயரும் பாட்டின் பயனும் கூறும் பகுதியைக் கடைக்காப்பு என்பர். அரசுகள் எத்தனையோ மாறின, ஓலைகள் எத்தனையோ செல்லரித்தன, பாட்டு நின்றது, பாட்டோடு பாடியவர் பெயரும் நின்றது. அப்பெயரை நீக்க விரும்புவோன் பாட்டையே உடைத்தாக வேண்டும். அத்துணை வலிய காப்பு அது!

அதே இருப்புப்பாதையின் மறுமுனையில், நடுவண் நிலையத்திற்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது அரக்கோணம். அவ்வூரில் தோன்றிய பாவலர் ஒருவரின் பாட்டு உலகை வலம்வந்தது. வலம்வரும் வழியில் அதன் கடைக்காப்பு அறுபட்டது. பாட்டு நியூயார்க்குக்குப் போயிற்று. பாடியவன் பெயர் போகவில்லை. இஃது எவ்வாறு நேர்ந்தது என்பதையும், இதில் தமிழர்க்குள்ள பங்கு யாதென்பதையும் தமிழன்பர்கள் ஆழ்ந்து எண்ணுதல் வேண்டும்.

அப்பாவலர் பெயர் அறிவு. 2021-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 7-ஆம் நாள் 'எஞ்சாய் எஞ்சாமி' என்னும் தனிப்பாட்டு வெளியாயிற்று. சொல் அறிவுடையது, பாடியோர் தீ என்னும் பாடகியும் அறிவும், இசையமைத்து ஆக்கியவர் சந்தோசு நாராயணன். வலைத்தளத்தில் அப்பாட்டு நாற்பது கோடி முறைக்குமேல் பார்க்கப்பட்டது. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லிப் பகுதிகளில் அது முழங்காத மணமண்டபம் அரிது. ஆடினோர் ஆயிரவர், அஃது எதைப் பற்றிய பாட்டென்று கேட்டோர் எத்துணைப் பேர்?

அது நிலமிழந்தார் பாட்டு. காட்டைத் திருத்திக் கழனியாக்கிய முன்னோரை அழைக்கும் பாட்டு. உழுதவனுக்கு ஒரு காணி நிலமும் எஞ்சாமற்போன வரலாற்றின் பாட்டு. அதனுள் ஒப்பாரியின் குரல் ஒலிக்கின்றது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய தம் பாட்டியின் வாழ்விலிருந்து அப்பாட்டு முளைத்ததாக அறிவே கூறியுள்ளார்.

அவ்வாழ்வு ஒரு குடும்பத்தின் வாழ்வு மட்டுமன்று. 1948-ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் பல இலக்கம் பேரை நாடற்றவராக்கியது. 1964-ஆம் ஆண்டு அக்டோபர் 30-ஆம் நாள் சிறிமாவோ - சாத்திரி உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு; 3,00,000 பேர் இலங்கைக்கு; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்பது முடிவு. மாடு பிரிப்பார்போல் மாந்தரைப் பிரித்தனர்! எஞ்சியோரை 1974-ஆம் ஆண்டின் மற்றோர் உடன்பாடு ஆளுக்குப் பாதியாக்கியது. எந்தத் தோட்டத்துத் தமிழனையும் எவரும் ஒரு சொல் கேட்கவில்லை. அதே 1964-இல்தான் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றியது. சிற்றூர்களினின்று வந்த உழவர் மக்கள் இங்கே பட்டறைத் தொழிலாளராயினர். அங்கே தோட்டத்துத் தொழிலாளர் எண்களாயினர். இன்று ஒரே மண்டபத்தில் ஒரே பாட்டுக்கு ஆடுவோர் இவ்விரு சாராரின் பேரப்பிள்ளைகளே. ஆடும் கால்களுக்கு அப்பாட்டு யாருடைய அழுகை என்பது தெரிதல் வேண்டாவா?

இவ்விடத்தில் தனித்தமிழன்பர் சிலர் முகஞ்சுளிப்பர். 'எஞ்சாய்' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தலையில் தூக்கி வைத்த பாட்டுக்குத் தமிழேட்டில் என்ன இடம் என்று கேட்பர். கேள்வி முறையானதே. அச்சொல் அப்பாட்டுக்கு ஒரு மாசே. அது தமிழுக்குத் தேவையற்ற கடன். பேரனை மடியிலிருத்தி 'என் சாமி' என்று கொஞ்சிய பாட்டியின் நாவில் அவ்வாங்கிலம் இருந்ததில்லை. ஆயினும், நெற்றியில் ஒட்டிய கரியைக் கண்டு குழந்தையையே தெருவில் விடுவார் உளரோ? பாட்டின் உடலோ உழவனின் தமிழ், களத்துமேட்டுத் தமிழ், பாட்டிமார் வாய்த்தமிழ். ஒரு சொல்லின் பிழைக்காக ஒரு பாட்டையும், பாட்டின் பின்னுள்ள ஒரு மக்களையும் தள்ளுவது மொழிக்காப்பு ஆகாது.

உண்மையைச் சொல்லின், இத்தள்ளலைத் தொடங்கியோர் அயலாரல்லர், தமிழ்ப்புலவரே! தொல்காப்பியம் கையறுநிலையைக் காஞ்சித்திணையில் வைத்துப் போற்றியது. தந்தையையும் குன்றையும் இழந்த பாரிமகளிர் பாடிய பாட்டு புறநானூற்றில் ஏறியது. ஆனால், தோட்டத்தையும் துணைவனையும் இழந்த கூலிக்கிழவி பாடிய ஒப்பாரியைப் புலவருலகம் இலக்கியமென்று ஏற்க நெடுங்காலம் தயங்கியது. இரண்டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றனைப் பாடத்திட்டத்தில் வைத்தனர்; மற்றதனைச் சுடுகாட்டு வாயிலிலேயே நிறுத்தினர். எழுதப்படாத பாட்டுக்கு உடையவன் இல்லை என்று உலகம் எண்ணுமாயின், அவ்வெண்ணத்திற்கு முதல் வித்திட்ட கை யாருடையது?

இனி, அப்பாட்டுக்கு நேர்ந்ததைப் பார்ப்போம். அதே 2021-இல், டி.சே. இசுநேக்கு என்னும் புனைபெயரால் உலகறிந்த பிரெஞ்சு இசைத்தட்டாளர் அதனை ஆடற்கூடங்களுக்கு ஏற்ப மாற்றியமைத்தார். ரீமிக்சு என்று வழங்கும் இம்மறுகலவை வெளியானபோது, நியூயார்க்கு நகரின் தைம்சு சதுக்கத்தில் மாபெரும் மின்னொளிப் பலகை ஒன்று எழுந்தது. அதிலே பாடகி தீ இருந்தார்; பிரெஞ்சு இசைத்தட்டாளர் இருந்தார். பாட்டை எழுதிய அறிவு இல்லை! அவ்வாண்டு ஆகத்துத் திங்களில் 'உரோலிங் சுடோன்' இந்தியப் பதிப்பின் முகப்பிலும் அறிவு இல்லை. அறிவு எழுதிய மற்றொரு பாட்டான 'நீயே ஒளி'யின் பாடகர் அம்முகப்பில் இருந்தார், எழுதியவர் இல்லை. இயக்குநர் பா. இரஞ்சித்து வெளிப்படையாகக் கண்டித்தார். கண்டனம் பரவிய பின்னரே அறிவின் படத்தையும் அவ்விதழ் தன் மின்பதிப்பு முகப்பாக வெளியிட்டது. தட்டிக் கேட்டால்தான் திறக்கும் கதவு அது!

கதை அத்துடன் முடியவில்லை. 2022-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 28-ஆம் நாள், சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் சதுரங்க ஒலிம்பியாடின் தொடக்கவிழாவில் அதே பாட்டு மேடையேறியது. உலக நாடுகள் பலவும் பார்த்திருந்த மேடை; தமிழ்நாட்டு அரசின் மேடை. அன்றும் அறிவு மேடையில் இல்லை. அவர் அமெரிக்காவில் இருந்தார். சில நாள்களில் அறிவு மனம் வெதும்பி அறிக்கை ஒன்று வெளியிட்டார். பாட்டை யாத்ததும் மெட்டமைத்ததும் பாடியதும் நடித்ததும் தாமே என்றார். அது மூவரும் கூடி ஆக்கியது என்று சந்தோசு நாராயணன் விடையிறுத்தார். 2024-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் அவரே, அப்பாட்டால் தங்களுள் எவருக்கும் இதுவரை வருவாய் எதுவும் வந்து சேரவில்லை என்று வெளிப்படக் கூறினார். பொருட்கணக்கில் வழு யார் பக்கம் என்பதை உரியோர் தீர்த்துக்கொள்ளட்டும். மெட்டு யாருடையது என்பதில் பூசல் உண்டு. சொல் யாருடையது என்பதில் பூசலே இல்லை. பூசலே இல்லாத அந்த ஒன்றுதான் பலகையினின்று முதலில் நீங்கியது. கருதத்தக்கது இது!

ஏன் சொல்லாளன் முதலில் நீங்குகின்றான்? ஆடற்கூட இசையின் அமைப்பை அறிந்தால் விடை தானே விளங்கும். இக்காலப் பாட்டில் ஒவ்வொரு குரலும் ஒவ்வொரு கருவியும் தனித்தனி ஒலித்தடத்தில் பதிவாகின்றன. மறுகலப்பாளன் அத்தடங்களைப் பிரித்தெடுக்கின்றான். மணித்துளிக்கு 120 அல்லது 130 அடி விழும் முழக்கத்தை அடியில் இடுகின்றான். ஒரு பாட்டு முடியுமுன் அடுத்த பாட்டை இடையறாது இணைக்க வேண்டுமாதலின், முன்னும் பின்னும் வெறும் முழக்கத்தையே நீட்டுகின்றான். 1970-களில் நியூயார்க்கு ஆடற்கூடங்களுக்காகத் தாம் மோல்ட்டன் போன்றோர் குறும்பாட்டுகளை நெடும்பாட்டுகளாக நீட்டத் தொடங்கியதிலிருந்து இதுவே அத்தொழிலின் நெறி. அங்கே சொல்லுக்கு வேலை குறைவு. ஒரு சொற்றொடரை நறுக்கி, அதனையே மீண்டும் மீண்டும் சுழற்றினால் போதும். கேட்போன் அம்மொழி அறியாதவன். அவனுக்கு அச்சொல் பொருளன்று, ஓசை. குழம்பில் இட்ட கறிவேப்பிலை போன்றது அது. மணத்திற்கு வேண்டும், உண்ணும்போது இலையோரம் ஒதுங்கும்.

சொல்லை ஓசையாக மட்டும் கொள்வோனுக்குச் சொல்லியவன் தேவையில்லை. பொருளுக்குத்தான் ஆசிரியன் வேண்டும். ஓசைக்கு ஆசிரியன் எதற்கு? மறுகலப்பாளன் எவனும் நெஞ்சில் வஞ்சம் வைத்துச் செய்தானென்று கொள்ளவேண்டுவதில்லை. வஞ்சமின்றியே நடப்பதுதான் இதன் கொடுமை. சொல்லைத் தூக்கியெறியப் பழகிய கை, சொல்லாளனையும் தூக்கியெறியும்போது எடை வேறுபாட்டை உணர்வதில்லை.

நிலமிழந்தான் பாட்டை எழுதியவனுக்கு இது நேர்ந்தது என்பதை மறவாதீர்! கழனியை உண்டாக்கியவன் பெயர் பட்டாவில் இல்லை; பாட்டை உண்டாக்கியவன் பெயர் பலகையில் இல்லை. இரண்டும் ஒரே கணக்கு. எழுதும் கைகளே வேறு. ஒடுக்கப்பட்ட மக்களின் உழைப்பைக் கொண்டு உழைத்தவனை மறைக்கும் அப்பழைய சாதிக்கணக்கு, புதிய இசைக்கணக்கில் மறுபடியும் எழுதப்பட்டது.

சிலர் வேறு கூறுவர். 'தமிழ்ப்பாட்டுக்கு வெள்ளையன் ஆடுகின்றான். தமிழ் உலகெங்கும் பரவுகின்றது. இதனைப் போற்றாது தூற்றுவதா?' என்பர். நன்று! ஆடியவன் அதிலிருந்து ஒரு தமிழ்ச்சொல்லின் பொருளையேனும் கற்றானா? அப்பாட்டின் முன்னோர் யாவர், அவர்தம் நிலம் எங்கே என்று கேட்டானா? கேளாவிடில், பரவியது தமிழன்று, தமிழின் ஓசைத்தூள். மிளகு கப்பலேறி யவனத்திற்குச் சென்றது. யவனன் அதனால் தமிழ் கற்றுவிடவில்லை. ஏற்றுமதியைப் பரவல் என்று மயங்கற்க!

மற்றுஞ் சிலர், மறுகலவையும் ஒரு கலையே, அதனைத் தடுப்பது பழமைப் பிடிவாதம் என்பர். தடுக்கச் சொல்வார் யார்? முறையாகச் செய்தற்கு முன்காட்டு உண்டு. இங்கிலாந்தில் பஞ்சாபிக் குடும்பத்து மகன் சிந்தர் சிங்கு நடத்திய கார்னர்சாப்பு என்னும் இராக்கு இசைக்குழு, பாடகி ஆசா போன்சுலேயைப் போற்றிப் 'பிரிம்புல் ஆப் ஆசா' என்னும் பாட்டை 1997-இல் வெளியிட்டது. அப்போது அதனைக் கேட்டோர் சிலர். நார்மன் குக்கு என்பார் அதனை ஆடற்கூடத்திற்கென விரைவுபடுத்தி மறுகலவை செய்தார். 1998-இல் அது பிரித்தானிய விற்பனை வரிசையில் முதலிடம் பெற்றது. அவ்வெற்றியும் அக்குழுவின் பெயரிலேயே பதிவாயிற்று. மறுகலப்பாளன் பெயர் அடைப்புக்குறிக்குள் நின்றது. பாடியவன் தலைவாயிலில், மாற்றியவன் திண்ணையில். ஆங்கே இயன்றது ஈண்டு ஏன் இயலாது?

இயலாமைக்குக் கரணியம் தேடி நியூயார்க்கு வரை போகவேண்டா. கோடம்பாக்கம் போதும். 1983-இல் வந்த 'அடுத்த வாரிசு' படப்பாட்டை 2003-இல் 'குறும்பு' படத்திற்கு மறுகலவை செய்தனர். 1964-இல் 'படகோட்டி'க்கு வாலி எழுதிய பாட்டை 2004-இல் 'நியூ' படத்தில் முழக்கத்தோடு புதுக்கினர். 1970-இல் 'சொர்க்கம்' படத்தில் வந்த பாட்டு 2007-இல் 'அழகிய தமிழ்மகன்' படத்தில் மறுகலவையாயிற்று. அவற்றைக் கேட்டு ஆடிய இளைஞரிடம் அப்பாட்டுகளை இயற்றியவர் யாரென்று கேட்டுப்பாருங்கள். நடித்தவர் பெயர் வரும். புதுக்கிய இசையமைப்பாளர் பெயர் வரும். எழுதிய பாவலர் பெயர் வருவது அரிது. தன் வீட்டுச் சுவரைத் தானே இடித்துவிட்டு, அயலான் உள்ளே நுழைந்தான் என்று அலறுவதால் பயனென்ன?

தமிழர் பண்டு இவ்வாறில்லை. மாதவியின் அரங்கேற்றத்தை உரைக்கப் புகுந்த இளங்கோவடிகள் மேடைக்குரியோரை ஒவ்வொருவராக நிறுத்துகின்றார். ஆடலாசிரியன், இசையாசிரியன், நன்னூற் புலவன், தண்ணுமையாசிரியன், குழலோன், யாழாசிரியன் என்பது வரிசை. அஃது ஆடற்காதையே; ஆயினும் சொல்லாளனுக்கு அங்கே தண்ணுமைக்கும் முன்னிடம் உண்டு. இற்றை ஆடற்கூடத்தில் தண்ணுமை மட்டும் நிற்கின்றது, புலவனைக் காணோம்.

அதனினும் உயர்ந்த சான்று தொகைநூல்களில் உண்டு. சங்கப்பாட்டுகளைத் தொகுத்தோர்க்குச் சில பாட்டுகளின் ஆசிரியர் பெயர் கிட்டவில்லை. அவர்கள் யாது செய்தனர்? பெயரில்லாப் பாட்டென்று கைகழுவினரா? இல்லை! பாட்டிலிருந்தே ஓர் அழகிய தொடரை எடுத்து, அதனையே பாவலனுக்குப் பெயராக்கினர். செம்புலப்பெயனீரார் என்றும், தொடித்தலை விழுத்தண்டினார் என்றும் இன்று அறியப்படுவோர் அவ்வாறு பெயர் பெற்றோரே. மறைந்துபோன மாந்தனைச் சொல்லிலிருந்து மீட்டெடுத்த இனம் இது! சொல் கிடைத்தால் அதனைக் கொண்டு ஆளைப் படைத்தனர் அவர். ஆள் கண்முன் நிற்கவும் சொல்லைக் கொண்டு ஆளை விடுத்தனர் இவர். வீழ்ச்சியின் ஆழத்தை அளக்க வேறு கோல் வேண்டுமோ?

சட்டமும் இதில் வாய்மூடியிருக்கவில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 57-ஆம் பிரிவின்படி, உரிமையை விற்ற பின்னரும் ஆக்கியோன் தானே ஆக்கியவன் என உரிமை கூறலாம். தன் படைப்பு சிதைக்கப்பட்டுத் தன் புகழுக்கு ஊறு நேருமாயின் வழக்கிடலாம். 2012-ஆம் ஆண்டுத் திருத்தம், பாட்டெழுதுவோர்க்கும் இசையமைப்போர்க்கும் உரிய உரிமைத்தொகைப் பங்கை நிறுவனங்கள் எழுதி வாங்கிக்கொள்ள இயலாதவாறு காத்தது. ஆனால், ஏட்டுச் சட்டம் தானே நடந்து வந்து எவனையும் காப்பதில்லை. கேட்கும் மக்கள் 'எழுதியவன் யார்?' என்று கேட்டாலன்றிச் சட்டத்திற்கு நா முளைப்பதில்லை.

ஆதலின், செய்யத்தக்கன சில. அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் பள்ளி ஆண்டுவிழா எதுவாயினும், பாட்டுக்கு முன் அதனை எழுதியவர் பெயரை மேடையில் கூறுக! மணமண்டபத்தில் ஒலிபெருக்கி வைப்போனிடம் ஒரு முறையேனும் பெயரைக் கேளுங்கள். கேட்கக் கேட்கவே அவனும் தெரிந்து வைப்பான். தமிழ்மன்றங்கள் தத்தம் தெருவிலுள்ள பாட்டிமாரின் ஒப்பாரியையும் தாலாட்டையும் நடவுப்பாட்டையும் பதிந்து, பாடியவர் பெயரும் ஊரும் நாளும் குறித்து வைப்பனவாகுக! நாட்டுப்பாட்டு என்று பொதுப்பெயரிட்டுப் பாடியவளை மறைக்கும் பழக்கம் ஒழிக! இளம்பாவலர், தாம் படித்துணரும் மொழியில் எழுதப்படாத எந்தத் தாளிலும் கையொப்பமிடற்க! மெட்டுக்கு ஆங்கிலச் சொல்லைத் தேடும் அவர்கள், ஒப்பாரிக்குள் உறங்கும் தமிழ்ச்சொற்களைத் தோண்டிப் பார்ப்பாராகுக, தட்டுப்பாடு இல்லை.

திருமுல்லைவாயிலில் அவ்வண்டி நாள்தோறும் நிற்கின்றது. அங்கே பாடியவன் பெயர் பாட்டுக்குள் இருக்கின்றது. அரக்கோணத்திலும் அவ்வண்டி நிற்கின்றது. அவ்வூர்ப் பாவலன் பெயரைப் பாட்டுக்குள் வைத்துக் காப்பது இனித் தமிழ்மக்களின் நாவே. பாட்டைப் பாடுங்கள், ஆடவும் ஆடுங்கள், ஆடி முடித்த மூச்சில் எழுதியவன் பெயரையும் சொல்லுங்கள். சொல்லைக் காவாத இனம் நிலத்தைக் காத்ததாக வரலாறு இல்லை. சொல்லாளனைக் காவாத இனத்திடம் சொல்லும் நெடுநாள் தங்குவதில்லை!